பாக் நீரிணையின் இரு கரையும் மலேரியாவும்: மாவட்டங்கள் நேரடியாகப் பேசிக்கொள்ள வழி வேண்டாமா?

நாகை மதி:

நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் போகும் கப்பல் 2023 அக்டோபரில் ஓட ஆரம்பித்து, நடுவில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானமும் இருக்கிறது. போக்குவரத்து கூடியதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் இதோடு சேர்த்துப் பேச வேண்டிய ஒரு விஷயத்தை யாரும் பேசுவதாகத் தெரியவில்லை, அதற்காகத்தான் இந்த இழை.

இலங்கை மலேரியாவை ஒழித்த நாடு. உள்ளூர்த் தொற்று 2012 அக்டோபரோடு நின்றது, 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. மாலத்தீவு அதற்கு ஓராண்டு முன்பே வாங்கிவிட்டது. நம் பக்கம் மலேரியா வெகுவாகக் குறைந்திருக்கிறது, ஆனால் இல்லாமல் போகவில்லை. 2030க்குள் ஒழிப்பது என்பதுதான் இந்தியாவின் இலக்கு. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் கடல்.

இப்போது மன்னாரில் ஒருவருக்கு மலேரியா என்று தெரிகிறது, அவர் போன மாதம் ராமேஸ்வரம் பக்கம் தங்கியிருந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தகவல் ராமநாதபுரத்துக்கு எப்படி வந்து சேரும்? கொழும்புக்குப் போய், டெல்லிக்குப் போய், சென்னை வந்து, பிறகுதான் மாவட்டம். அதற்குள் கொசு தன் வேலையை முடித்திருக்கும். இரண்டு கரை மாவட்ட அலுவலர்களும் நேரடியாகப் பேசிக்கொள்ள அனுமதி வேண்டும் என்பது என் கருத்து. இந்த வேலையைச் செய்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் எழுதுங்கள்.

சங்கர் மதுரை:

நல்ல ஆசை, நடக்காது. மீனவர் கைது, படகுப் பறிமுதல் என்று இத்தனை ஆண்டாகத் தீராத சண்டை ஒன்று இதே கடலில் இருக்கிறது. கொரோனா காலத்தை மறந்துவிட்டோமா? 2020 மார்ச்சில் சார்க் நாடுகளின் தலைவர்கள் காணொலியில் கூடி அவசர நிதி அமைத்தார்கள், இந்தியா 1 கோடி டாலர் தருவதாகச் சொன்னது. 2021 ஜனவரியில் இலங்கைக்கு 5 லட்சம் டோஸ் கோவிஷீல்டு போனது. அப்புறம் இங்கே இரண்டாம் அலை வந்ததும் ஏற்றுமதி நின்றுவிட்டது. முதல் ஊசி போட்டுக்கொண்ட லட்சக்கணக்கான பேர் அங்கே இரண்டாவது ஊசிக்கு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள், கடைசியில் ஜப்பான்தான் அனுப்பியது. இந்தியா செய்தது தவறு என்று நான் சொல்லவில்லை, இங்கே மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஆபத்து வந்தால் ஒவ்வொரு நாடும் தன்னைத்தான் பார்க்கும். இதை மாவட்ட அலுவலர்கள் போனில் பேசித் தீர்ப்பார்கள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பழைய எச்.ஐ.:

ராமநாதபுரம் மாவட்டத்தில் மலேரியாப் பிரிவில் ஹெல்த் இன்ஸ்பெக்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சங்கர் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். தடுப்பூசி இருப்பு குறைவான பொருள், எனக்கா உனக்கா என்ற கேள்வி அதில் வரும். மலேரியாவில் ஒரு கரை மறு கரைக்குக் கொடுக்க வேண்டியது தகவல்தான். கொடுப்பவருக்கு எதுவும் குறைவதில்லை, அவருக்கும் அது லாபம்.

எங்கள் கடற்கரையில் மலேரியா எப்படி வரும் என்று தெரியாமல் பலர் பேசுகிறார்கள். உள்ளூரில் பரவிய காலமும் உண்டு, ராமேஸ்வரம் தீவுப் பகுதியில் நிறையவே இருந்தது. ஆனால் நான் வேலையில் இருந்த பிற்பகுதியில் நாங்கள் பிடித்த நோயாளிகளில் பலர் வெளியூர் போய் வந்தவர்கள். மங்களூர் விசைப்படகுகளில் தொழிலுக்குப் போய்த் திருவிழாவுக்கு ஊர் திரும்புகிறவர்கள், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். ஒருவருக்கு ஸ்மியரில் (ரத்தப் பூச்சுப் பரிசோதனையில்) வைவாக்ஸ் வகை மலேரியா என்று வந்தால், அவர் எங்கே தங்கினார், கூடத் தங்கியவர்கள் யார், அவர்கள் இப்போது எங்கே என்று விசாரிக்க வேண்டும். முறைப்படி எழுதிப்போட்டால் மேலே போய்க் கீழே இறங்குவதற்குள் அந்தப் படகே வேறு துறைமுகத்துக்குப் போயிருக்கும். அதனால் எதிர்ப்பக்கம் வேலை பார்க்கிற அலுவலரின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்வோம். பேசுவோம், அன்றைக்கே அவர்கள் ஆள் போய்ப் பார்ப்பார். எழுத்து வேலை பின்னால் நடக்கும்.

கர்நாடகாவோடு இப்படிப் பேச முடிந்தது. ராமேஸ்வரத்தில் நின்று பார்த்தால் மங்களூரைவிட மன்னார்தான் பக்கம், ஆனால் அங்கே யாருக்கும் போன் செய்ய எங்களுக்கு அதிகாரம் கிடையாது. வெளிநாடு, அவ்வளவுதான். மதி கேட்பது புதிதாக ஒரு நிறுவனம் அல்ல, இந்த ஒரு தடையை எடுங்கள் என்றுதான். அதில் எனக்கு முழுச் சம்மதம்.

மன்னார் தீபன்:

வணக்கம் ஐயா. நான் மன்னாரில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வேலை செய்கிறேன், சொந்தக் கருத்தாகத்தான் எழுதுகிறேன். உங்கட கரையில் இருந்து இப்படி ஒருவர் எழுதினது சந்தோசம்.

எங்களுக்கு மலேரியா ஒழிந்தது என்பது முடிந்த கதை இல்லை. இந்த நாடு ஒருமுறை ஏமாந்திருக்கிறது. 1934–35 கொள்ளை நோயில் 80,000 பேரளவில் செத்தார்கள். பிறகு டிடிடி அடித்து, 1963இல் முழு நாட்டிலும் 17 நோயாளிகள் மட்டும். ஒழிந்துவிட்டது என்று தெளிப்பதைக் குறைத்தார்கள். 1969இல் எண்ணிக்கை 5 லட்சத்தைத் தாண்டியது. 1999இல்கூட 2.6 லட்சத்துக்கு மேல். போர் நடந்த நேரத்திலும் வடக்கு கிழக்கில் மருந்தும் தெளிப்பும் ஒரேயடியாக நிற்காமல் பார்த்துக்கொண்டவர்கள் இருந்தார்கள், அவர்களை நினைக்காமல் அந்தச் சான்றிதழைப் பற்றிக் கதைக்க ஏலாது.

சான்று கிடைத்து நாலு மாதம் ஆகவில்லை, 2016 டிசம்பரில் மன்னாரில் ஒரு புது நுளம்பு (கொசு) கண்டுபிடித்தார்கள். அனோபிலிஸ் ஸ்டீபன்சி. முன்பு எங்கட பிரதான மலேரியா நுளம்பு கியூலிசிபேசிஸ், அது ஆறு வற்றும்போது தேங்கும் குட்டைகளில் பெருகும். ஸ்டீபன்சி அப்படி இல்லை, கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் நகரத்துக்குள்ளேயே பெருகும். சென்னையில் மலேரியா பரப்பினது இதுதான். பிறகு யாழ்ப்பாணத்திலும் கண்டார்கள். கிணறு கிணறாகப் போய் மீன் விட்டோம், மருந்து போட்டோம், பாவிக்காத கிணறுகளை மூடச் சொன்னோம். குடிக்கிற தண்ணீரில் மருந்தா என்று சண்டை பிடித்த சனமும் உண்டு. அவர்களுக்கு விளங்கப்படுத்தத்தான் கூட நேரம் போனது.

இந்த நுளம்பு என்ன செய்யும் என்பதற்குக் கிழக்கு ஆப்பிரிக்க நாடான ஜிபூட்டி சாட்சி. 2012இல் அங்கே முதன்முதலில் கண்டார்கள், அந்த வருசம் அங்கே மலேரியா நோயாளிகள் 27 பேர். 2020இல் 73,000க்கு மேல். எங்களிடம் இப்போது நுளம்பு இருக்கிறது, கிருமி இல்லை. உங்களிடம் இரண்டும் இருக்கிறது, கூடவே அந்த நுளம்போடு பல பத்து வருசம் போராடின அனுபவமும் இருக்கிறது. எங்களுக்கு வேண்டியது அந்த அனுபவம். எந்த மருந்துக்கு அது இப்போது சாகிறது, எதற்குச் சாகாது, மேல்தாங்கிகளை எப்படிச் சோதிக்கிறீர்கள், கிணற்றில் மீன் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கிறது. இதெல்லாம் யாரிடம் கேட்பது?

2018 டிசம்பரில் எங்கட நாட்டின் மொனராகலை மாவட்டத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் இருந்து வேலைக்கு வந்த ஒருவருக்கு வைவாக்ஸ், அவரிடம் இருந்து நுளம்பு வழியாக உள்ளூர் ஆள் ஒருவருக்கு. அந்த ஒன்றோடு நிறுத்தினார்கள். உடனே கண்டுபிடித்தபடியால்தான் நிறுத்த முடிந்தது.

சங்கர் மதுரை:

தீபன் எழுதியதைப் படித்தபின் ஒரு கேள்வி. அப்படியென்றால் கப்பலில் ஏறும்போதே எல்லோருக்கும் இரத்தப் பரிசோதனை செய்துவிட்டால் என்ன? விரல் நுனியில் குத்தி இருபது நிமிடத்தில் முடிவு சொல்கிற கிட் இருக்கிறதே. தகவல் பரிமாற்றம், மாவட்டம் என்றெல்லாம் சுற்றாமல் வாசலிலேயே பிடித்துவிடலாம்.

யாழினி வைத்தியர்:

யாழ்ப்பாணத்தில் வைத்தியர். வாசலில் பிடிப்பது கேட்க நல்லாக இருக்கும், வைவாக்ஸ் விஷயத்தில் அது பெரிதாக உதவாது. இந்தக் கிருமி இரத்தத்தில் இருந்து நீங்கின பிறகும் ஈரலுக்குள் தூங்கிக் கிடக்கும். அந்த நேரத்தில் எந்தக் கிட்டும் அதைக் காட்டாது. ஆள் சுகமாகக் கப்பலில் இருந்து இறங்கி, மாதங்கள் கழித்துக் காய்ச்சலோடு எங்களிடம் வருவார். அதற்குள் அவர் இந்தியா போய்வந்ததை அவரே மறந்திருப்பார், நாங்களும் கேட்டிருக்க மாட்டோம்.

இது இங்கே உண்மையான பிரச்சினை. எங்கட இளம் வைத்தியர்களில் பலர் ஒரு மலேரியா நோயாளியைக்கூடக் கண்டதில்லை. காய்ச்சல் என்றால் முதலில் டெங்கு, மழைக்காலம் என்றால் எலிக்காய்ச்சல். மலேரியா கடைசியில்தான் நினைவுக்கு வரும். ஃபால்சிபாரம் என்கிற கடுமையான வகையாக இருந்தால் அந்தத் தாமதம் உயிரை எடுக்கும். நான் என் வார்டில் காய்ச்சல்காரர் எல்லோரிடமும் கேட்கச் சொல்லியிருக்கிறேன்: ஒரு வருசத்துக்குள் கடல் கடந்து எங்கேயாவது போனீர்களா? இந்தியா என்று கேட்டால் சிலர் பயந்து இல்லை என்பார்கள், படகில் வந்தவர்கள் சொல்லவே மாட்டார்கள். பொலிசுக்குச் சொல்வோம் என்று நினைக்கிறார்கள். அந்தப் பயம் போகாமல் எந்தப் பரிசோதனையும் வேலை செய்யாது.

இன்னொன்று. ஈரலில் தூங்குகிற கிருமியைக் கொல்ல பிரிமாகுயின் 14 நாள் எடுக்க வேண்டும். காய்ச்சல் மூன்றாம் நாளே விட்டுவிடும், மிச்சம் குளிசை (மாத்திரை) பையிலேயே கிடக்கும். அங்கே சிகிச்சை தொடங்கி இங்கே வருகிறவர் எத்தனை நாள் எடுத்தார் என்று எங்களுக்குத் தெரிய வழியில்லை. கையில் ஒரு அட்டை இருந்தால் போதும். இரண்டு கரையிலும் சனம் தமிழ்தான் வாசிக்கிறது, நோயாளிக்கும் விளங்கும், எங்களுக்கும் விளங்கும். இப்படி ஒரு வசதி உலகத்தில் எத்தனை எல்லைகளில் இருக்கும்?

மபூட்டோ மணி:

வேலை நிமித்தம் மொசாம்பிக்கில் இருந்தவன் என்பதால் அந்தப் பக்கத்து அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன், சங்கர் கேட்டதற்கு அது நல்ல பதில் என்று நினைக்கிறேன்.

தென்னாப்பிரிக்காவில் குவாசுலு-நட்டால், முமலாங்கா மாகாணங்களில் மலேரியா. எவ்வளவு மருந்து அடித்தாலும் எல்லைக்கு அந்தப் பக்கம், மொசாம்பிக்கின் தெற்கிலிருந்து மறுபடி வந்துகொண்டே இருந்தது. 1999இல் தென்னாப்பிரிக்கா, மொசாம்பிக், சுவாசிலாந்து மூன்றும் சேர்ந்து லுபோம்போ திட்டம் என்று ஒன்றை ஒப்புக்கொண்டன. அதன்படி மொசாம்பிக்கின் மபூட்டோ மாகாண வீடுகளுக்கு மருந்து அடிக்கப் பணமும் ஆட்களுக்குப் பயிற்சியும் எல்லை தாண்டி வந்தது. பணக்கார நாடு தன் வீட்டுச் சுவருக்கு அடிப்பதை நிறுத்தாமல், பக்கத்து நாட்டின் சுவருக்கும் அடித்தது. சில ஆண்டுகளிலேயே தென்னாப்பிரிக்கப் பக்கமும் நோயாளிகள் தடாலடியாகக் குறைந்தார்கள், மொசாம்பிக் பக்கமும் குறைந்தார்கள். தர்மம் என்று யாரும் செய்யவில்லை, அவர்களுக்கு அதுதான் கணக்குப்படி சரியாக வந்தது.

ஆனால் அது 2011இல் நின்றது. வெளிநாட்டு நிதி முடிந்ததும் திட்டம் முடிந்தது, நோய் திரும்பியது, பிறகு வேறு பெயரில் புதிதாக ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. மூன்று அரசுகளும் தங்கள் பட்ஜெட்டில் ஆளுக்கொரு சிறு தொகையை நிரந்தரமாக ஒதுக்கியிருந்தால் அப்படி ஆகியிருக்காது என்று அங்கே வேலை செய்தவர்கள் வருத்தப்பட்டுச் சொல்வார்கள்.

தமிழ்ச்செல்வி கே:

மண்டபம் முகாமை இங்கே யாரும் சொல்லவில்லை. இப்போது அகதி முகாம் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். பிரிட்டிஷ் காலத்தில் அது இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் கூலித் தொழிலாளர்களை நிறுத்திவைத்து, காலரா, அம்மை, பிளேக் இருக்கிறதா என்று பார்த்து, அம்மை குத்தி அனுப்புகிற இடம். இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம். அதாவது இந்தக் கடலில் இரு அரசுகளின் சுகாதார ஒத்துழைப்பு நூறு ஆண்டுக்கு மேல் பழையது.

அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அந்த முகாம் யாருக்காக நடந்தது? தோட்டத்துக்கு நோயில்லாத உழைப்பு வேண்டும் என்பதற்காக. நம் ஊர் ஏழைகளை வரிசையில் நிறுத்தி, துணியை வெந்நீரில் போட்டு, நாள் கணக்கில் அடைத்துவைத்தார்கள். அவர்களின் கிராமத்தில் காலரா வராமல் இருக்க அந்த ஏற்பாடு ஒன்றும் செய்யவில்லை. அதனால்தான் சங்கர் சொல்லும் வாசல் பரிசோதனை என்றதும் எனக்குக் கோபம் வருகிறது. விமானத்தில் வருகிறவரை யாரும் குத்தப் போவதில்லை. கப்பலில் சாக்குப் பையோடு வருகிறவரையும், மீனவரையும், அகதியையும்தான் குத்துவார்கள். 2022இல் இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் மருந்தும் சாப்பாடும் இல்லாமல் குழந்தைகளோடு தனுஷ்கோடியில் வந்து இறங்கியவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்களைக் கிருமி மூட்டையாகப் பார்க்கிற எந்த ஒத்துழைப்பும் எனக்கு வேண்டாம்.

சங்கர் மதுரை:

தமிழ்ச்செல்வி, அந்த எண்ணத்தில் நான் கேட்கவில்லை. ஆனால் நீங்கள் சொல்வதே மதியின் யோசனைக்கும் பொருந்துமே? இரண்டு மாவட்டமும் நோயாளி விவரத்தைப் பகிர்ந்தால், அகதியாக வந்தவரின் பெயர் எங்கெங்கே போகும்? அது அவருக்கே ஆபத்தாக முடியலாம்.

பழைய எச்.ஐ.:

சரியான கேள்வி. பெயர் தேவையே இல்லை. எதிர்ப்பக்கம் வேலை பார்க்கிறவருக்கு வேண்டியது இவ்வளவுதான்: எந்தக் கிராமம் அல்லது எந்தத் துறை, எந்த வகைக் கிருமி, காய்ச்சல் தொடங்கிய தேதி, அதற்கு முந்தைய ஒரு மாதம் இரவில் எங்கே தூங்கினார், கூட எத்தனை பேர் இருந்தார்கள். மலேரியா கொசு பெரும்பாலும் இரவில்தான் கடிக்கும், அதனால் தூங்கிய இடம்தான் முக்கியம். பெயரும் கைபேசி எண்ணும் சிகிச்சை கொடுத்த ஆஸ்பத்திரியைத் தாண்ட வேண்டாம். நாங்கள் மங்களூருக்குச் சொன்னதும் படகுத் துறையும் தேதியும்தான், ஆளின் பெயரை அவர்கள் கேட்டதில்லை.

மன்னார் தம்பி கேட்டதற்கும் சொல்லிவிடுகிறேன். கிணற்றில் கம்பூசியா மீன் விட்டால் தண்ணீர் வற்றாத வரை தாக்குப்பிடிக்கும், ஆனால் தூர் வாரும்போதும் பிளீச்சிங் பவுடர் போடும்போதும் செத்துவிடும், யாரும் திருப்பி விடமாட்டார்கள். அதனால் மீன் விட்ட கிணறுகளுக்குத் தனி நோட்டு வைத்து, தூர் வாரிய தகவல் வந்ததும் மறுபடி விட வேண்டும். மேல்நிலைத் தொட்டிக்கு அபேட் (கொசுப் புழுவைக் கொல்லும் மருந்து) போடுவதைவிட மூடியைச் சரிசெய்ய வைப்பதுதான் நிற்கும். மூடி இருக்கிறது என்பார்கள், ஏறிப் பார்த்தால் ஒரு கை நுழைகிற ஓட்டை இருக்கும். ஏணியில் ஏறாமல் எழுதிய எந்த அறிக்கையையும் நம்பாதீர்கள்.

நாகை மதி:

இதைத்தான் ஐயா நான் கேட்டேன். இந்த இரண்டு பத்தியில் இருப்பது எந்த மாநாட்டு அறிக்கையிலும் வராது.

மேல்மட்ட ஒப்பந்தமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கருங்காய்ச்சலில் (காலா அசார்) அது நடந்திருக்கிறது. இந்தியா, நேபாளம், வங்கதேசம் மூன்றும் 2005இல் கையெழுத்துப் போட்டன. 2015க்குள் பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் கீழே கொண்டுவருவது இலக்கு. அதில் எனக்குப் பிடித்தது, அந்தக் கணக்கை நாட்டு அளவில் போடவில்லை, இந்தியாவில் வட்டார அளவிலும் வங்கதேசத்தில் உபசில்லா (துணை மாவட்டம்) அளவிலும் போட்டார்கள். நாட்டுச் சராசரி காட்டித் தப்பிக்க முடியாது, பீகாரில் ஒரு வட்டாரம் மிச்சமிருந்தாலும் இலக்கு எட்டவில்லை என்றுதான் அர்த்தம். காலக்கெடு தள்ளிப்போனது உண்மை. ஆனால் 2023இல் வங்கதேசம் உலகிலேயே முதல் நாடாக அந்த அங்கீகாரத்தை வாங்கியது. ஒப்பந்தம் டெல்லியில் இருந்தாலும் கணக்கு கீழே இருந்தால் வேலை நடக்கும் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மன்னார் தீபன்:

ஐயா, கிணற்று நோட்டு விசயம் எங்கட கந்தோரில் காட்டப் போகிறேன். எங்களிடம் கிணற்றுப் பட்டியல் இருக்கிறது, தூர் வாரின திகதி எழுதுகிற பழக்கம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே பிடிபட்டு மறியலில் (சிறையில்) இருக்கும் உங்கட மீனவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் அவர்களும் எங்கட நோயாளிகள்தான், வேறு கதை இல்லை. ஆனால் விடுதலையாகிப் போகும்போது அவர் கையில் சிகிச்சை விவரம் எதுவும் இருக்காது. வைத்தியர் சொன்ன அட்டை இந்தப் பக்கத்தில் இருந்து போகிறவருக்கும் வேண்டும்.

சங்கர் மதுரை:

டெல்லியும் கொழும்பும் மாவட்ட அலுவலர்களைப் பேச விடும் என்று எனக்கு இன்னமும் நம்பிக்கை இல்லை. ஆனால் அட்டைக்கு யாருடைய ஒப்பந்தமும் தேவையில்லை என்று தோன்றுகிறது. ஆஸ்பத்திரி நோயாளிக்குக் கொடுப்பது, நோயாளி தானே எடுத்துப்போவது. அதில் எந்த நாட்டு ரகசியமும் இல்லை. ராமநாதபுரத்திலும் நாகையிலும் இதை ஆரம்பிக்கச் சொல்லி மாவட்டச் சுகாதார அலுவலருக்கு மனு எழுதினால் நான் கையெழுத்துப் போடுகிறேன்.

யாழினி வைத்தியர்:

எழுதுங்கள் அண்ணா, மருத்துவப் பகுதியை நான் பார்த்துத் திருத்தித் தருகிறேன். கிருமி வகை, பரிசோதித்த திகதி, கொடுத்த மருந்து, கீழே பிரிமாகுயினுக்குப் பதினாலு கட்டம், ஒவ்வொரு நாளும் குளிசை போட்டதும் நோயாளியே கோடு போட வேண்டும். ஜி6பிடி என்கிற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு அந்த மருந்து இரத்தத்தை உடைக்கும், கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கக் கூடாது, அதற்கும் ஒரு வரி விடுங்கள். பின்பக்கம் பெரிய எழுத்தில்: ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் வந்தால் இந்த அட்டையை வைத்தியரிடம் காட்டுங்கள்.

பழைய எச்.ஐ.:

அட்டையை லேமினேட் செய்துவிடாதீர்கள், பேனா பிடிக்காது. கடலுக்குப் போகிறவர்கள் கையில் நனைந்துபோகும் என்பதால் மேலே போட ஒரு பிளாஸ்டிக் உறை கொடுத்தால் போதும். மனுவின் முதல் வரைவை மதி இங்கேயே போடட்டும், நான் பார்த்துச் சொல்கிறேன்.